நைஜீரியருக்கும் சோமாலியருக்கும் வருமானத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு வரிக் கணக்காளரின் அனுபவம்

பிப்ரவரி பிறந்தால் என் மேசையில் ஜனவரி 1 பிறந்தநாள்கள் குவிந்துவிடும். அப்பா ஜனவரி 1, அம்மா ஜனவரி 1, மூத்த மகன் ஜனவரி 1. முதல் தடவை பார்த்தபோது யாரோ தப்பாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்று நினைத்து அந்த அப்பாவிடமே கேட்டேன். அவர் சிரித்தார். கென்யாவில் அகதி முகாமில் பதிவு செய்தபோது, பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் எழுத்தர் போட்டுக்கொடுத்த தேதி அது. சோமாலியர் வீட்டில் இது சகஜம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் புறநகரில் சின்னதாக ஒரு வரிக் கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். மீதியில் பெரும்பகுதி சோமாலியர், நைஜீரியர். போன பொங்கல் விழாவில் ஒரு நண்பர் கேட்டார்: "நைஜீரியாக்காரங்க எல்லாம் நர்ஸ், டாக்டர்னு இருக்காங்க. சோமாலியாக்காரங்க ஏன் சார் அப்படி வரல? ரெண்டும் ஆப்பிரிக்காதானே?" இந்தக் கேள்வியை வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், லாகோஸுக்கும் மொகதிஷுவுக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். மொழி வேறு, வரலாறு வேறு. ஆனால் என் கோப்புகளில் பெரிதாகத் தெரிகிற வித்தியாசம் இவர்கள் எந்த வாசல் வழியாக அமெரிக்காவுக்குள் வந்தார்கள் என்பதுதான்.

நைஜீரியர் வந்த வாசலைப் பாருங்கள். 1970-களில் எண்ணெய்ப் பணம் கொழித்தபோது மாணவர்கள் அரசு உதவித்தொகையிலும் சொந்தக் காசிலும் இங்கே படிக்க வந்தார்கள். ஹூஸ்டன் அவர்களுக்குப் பிடித்த ஊர். பிறகு எண்ணெய் விலை சரிந்தது, 1986-இல் கட்டமைப்புச் சீர்திருத்தம் என்று தங்கள் நாணயமான நைராவின் மதிப்பை இறக்கினார்கள். திரும்பிப்போகப் பெட்டி கட்டியவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1990-களில் பன்முக விசா லாட்டரி வந்தது. பெயர்தான் லாட்டரி, ஆனால் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், அல்லது பயிற்சி தேவைப்படும் தொழிலில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். நைஜீரியாவிலிருந்து வருபவர்கள் எண்ணிக்கை கூடிப்போனதால் 2015-ஆம் நிதியாண்டு லாட்டரியிலிருந்து அந்த நாட்டையே நீக்கிவிட்டார்கள். மாணவர் விசா, குடும்ப விசா, லாட்டரி என்று எதை எடுத்தாலும் கட்டணம் கட்டி, படிவம் நிரப்பி, ஆங்கிலத்தில் நேர்காணல் கொடுக்கத் தெரிந்தவர்தான் விமானம் ஏற முடியும். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி வேறு. இங்குள்ள நைஜீரியரில் பத்துக்கு ஆறு பேராவது பட்டதாரிகள் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நைஜீரியா முழுவதும் பட்டதாரிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. சலித்துச் சலித்து மேலே நின்றவர்கள்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

சோமாலியாவில் 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் அரசு கவிழ்ந்தது. அத்தோடு பள்ளி, வங்கி, பதிவு அலுவலகம் எல்லாம் போயிற்று. 1985-இல் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் பள்ளிக்கூடமே இல்லை. நடந்து எல்லை தாண்டி கென்யாவின் டடாப் முகாமுக்குப் போனார்கள். சிலர் அங்கே பத்துப் பதினைந்து வருடம் இருந்தார்கள். அகதியாகத் தேர்ந்தெடுக்க யாரும் மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. உயிருக்கு ஆபத்தா என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. அகதிகள் ஏறி வந்த விமானத்தின் டிக்கெட் பணம் கடன். வட்டியில்லாக் கடன்தான், ஆனால் வந்த ஆறு மாதத்தில் தவணை ஆரம்பித்துவிடும். மீள்குடியேற்ற நிறுவனத்தின் தொடக்க உதவி 90 நாள். அதற்குள் வீடு, பள்ளி, வேலை எல்லாம் அமைய வேண்டும். அந்த அவசரத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று யாராலும் சொல்ல முடியாது. மொழி தேவைப்படாத வேலைக்குத்தான் போவார்கள். மினசோட்டாவில் அந்த வேலை இறைச்சித் தொழிற்சாலை. 1990-களில் மார்ஷல் என்ற சிற்றூரின் வான்கோழித் தொழிற்சாலைக்கு வந்தவர்கள் சொந்தக்காரர்களைக் கூப்பிட, அவர்கள் இன்னும் நாலு பேரைக் கூப்பிட, இன்றைக்கு 80,000-க்கும் மேற்பட்ட சோமாலியர் இந்தப் பனி மாநிலத்தில் இருக்கிறார்கள். அப்புறம் கிடங்கு வேலை, டாக்ஸி, லாரி, வீட்டுப் பராமரிப்பு என்று விரிந்தது. ஷகோபியில் அமேசான் கிடங்கில் 2018-இல் தொழுகை நேரத்துக்காகவும் வேலை வேகத்தைக் குறைக்கவும் குரல் கொடுத்தவர்கள் இவர்களேதான்.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். மினசோட்டா சோமாலியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோடு எங்கே போடப்படுகிறது தெரியுமா? 2024-இல் கூட்டாட்சி அரசின் வழிகாட்டி அளவு தனி ஆளுக்கு 15,060 டாலர். கூட ஓர் ஆள் சேர்ந்தால் 5,380 டாலர் கூடும். 45,000 டாலர் சம்பாதிக்கிற ஒருவர் தனிக்கட்டை என்றால் கோட்டுக்கு மூன்று மடங்கு உயரத்தில் நிற்பார். அதே ஆளுக்கு மனைவி, ஆறு பிள்ளைகள் என்றால் கோடு 52,720 டாலருக்கு ஏறிவிடும். அவர் ஏழை. ஆள் அதேதான், உழைப்பும் அதேதான். சோமாலியர் குடும்பங்கள் பெரியவை, பிள்ளைகள் அதிகம். அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது இதே அட்டவணை வேறு மாதிரி பேசும்.

என்னிடம் வருகிற ஒரு சோமாலிய ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். என்னை 'வலால்' என்பார், சகோதரன் என்று அர்த்தம். டாக்ஸி செயலியில் வருடத்துக்கு 62,000 டாலர் வந்ததாக 1099 படிவம் காட்டியது. எங்களிடம் வருவதற்கு முன்னால் யாரோ தெரிந்தவர், 62,000-ஐ அப்படியே லாபம் என்று போட்டுத் தாக்கல் செய்துகொடுத்திருக்கிறார். ஓட்டிய மைல் 38,000. 2024-இல் மைலுக்கு 67 சென்ட் கழிவு உண்டு, அதாவது 25,460 டாலர். அதை எழுதாமல் விட்டதால் சுயதொழில் வரியில் மட்டுமே சுமார் 3,600 டாலர் கூடுதலாகக் கட்டியிருந்தார். அந்தத் தாக்கலைத் திருத்தி அனுப்பினோம். அன்றிலிருந்து வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் தொடக்க மைல், முடிவு மைல். இதைப் படிக்கிற நம்மவர்களிலும் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிற மாணவர் வீட்டார் இருக்கலாம். நோட்டுப் புத்தகம் ஒரு டாலர்தான்.

அவர் மாதம் 400 டாலர் நைரோபியில் இருக்கும் தம்பி குடும்பத்துக்கு அனுப்புகிறார். "இதைக் கழிக்கலாமா?" என்று கேட்டார். முடியாது. வெளிநாட்டுச் சொந்தத்துக்கு அனுப்புவது அன்பளிப்பு, கழிவு கிடையாது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோவுக்கு வெளியே வாழ்கிற சொந்தக்காரர், அமெரிக்கக் குடிமகனாக இல்லாவிட்டால், அவரைச் சார்ந்திருப்பவராகக் காட்டவும் முடியாது. திருநெல்வேலியில் இருக்கும் அப்பா அம்மாவைக் காட்டலாமா என்று கேட்கும் நம் ஆட்களுக்கும் இதே பதில்தான். அவர் அனுப்புவது ஹவாலா கடை வழியாக. இந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குக் கறுப்புப் பணம்தான் ஞாபகம் வரும். வங்கியே இல்லாமல் போன ஒரு நாட்டுக்கு அதுதான் தபால் அலுவலக மணியார்டர். இங்கே உரிமம் பெற்று நடத்துகிறார்கள். ஆனாலும் பயங்கரவாத நிதிச் சட்டங்களுக்குப் பயந்து வங்கிகள் இந்தக் கடைகளின் கணக்குகளை அவ்வப்போது மூடிவிடும். 2011 கடைசியில் மினசோட்டாவிலும், 2015 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவிலும் அப்படி நடந்தது.

இன்னொரு பெரிய தடை வட்டி. இஸ்லாத்தில் அது ரிபா, விலக்கப்பட்டது. வீட்டுக் கடன் வேண்டாம், கல்விக் கடன் வேண்டாம், வரி ரீஃபண்ட் வருமுன் முன்பணம் தருகிறேன் என்று சில கடைகள் கொடுக்கும் கடனும் வேண்டாம். இந்தக் கடைசி விஷயத்தில் அவர்கள் பிழைத்தார்கள் என்றே சொல்வேன். ஆனால் அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பம் சொத்து சேர்ப்பதே வீட்டுக் கடன் வழியாகத்தான். முப்பது வருடம் வாடகை கொடுத்தவர் கையில் கடைசியில் ரசீதுதான் மிஞ்சும். வட்டியில்லா முறையில் வீடு வாங்க, தொழில் தொடங்க வழிகள் இங்கே உண்டு. மறைந்த ஹுசைன் சமத்தர் மினியாபொலிஸில் தொடங்கிய ஆப்பிரிக்க வளர்ச்சி மையம் அந்த வழியில் நிறைய சிறு கடைக்காரர்களுக்குக் கைகொடுத்தது. நிறுவனம் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் தன் பங்காகப் போடும் பணத்தைக்கூட 'அதிலே வட்டி கலந்திருக்கும்' என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இஸ்லாமிய நெறிக்கு உட்பட்ட பங்கு நிதிகள் இருக்கின்றன, திட்டத்தில் அது உண்டா என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பத்தில் இரண்டு பேர் கேட்கிறார்கள்.

நைஜீரியர் கோப்பு கனமானது. மினியாபொலிஸ் பக்கத்து புரூக்ளின் பார்க்கிலிருந்து வரும் ஒரு தம்பதி. மனைவி பதிவுபெற்ற செவிலியர், இரண்டு மருத்துவமனைகளில் வேலை. கணவர் லாகோஸில் வங்கி அதிகாரியாக இருந்தவர், இங்கே மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் இரவு வேலை. இருவருக்கும் சேர்த்து 1,50,000 டாலரைத் தாண்டும். பார்த்தால் செழிப்பு. ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் வரி பாக்கி. காரணம் எளிது. மூன்று வேலை தருபவர்களும் 'இவருக்கு இந்தச் சம்பளம் மட்டும்தான்' என்று நினைத்துக் குறைவாகப் பிடிக்கிறார்கள். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று வேலை தருபவருக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில் இரண்டாம் படியை நிரப்பினால் தீரும் பிரச்சினை. நிரப்பவே மாட்டேன் என்கிறார்கள், கைக்கு வரும் சம்பளம் குறைகிறதாம்.

அவர்களுக்கு லாகோஸில் ஒரு ஃப்ளாட், வாடகை வருகிறது. அந்த வாடகையை இங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அறிக்கை தனியாகக் கொடுக்க வேண்டும். 2022 கடைசியில் 50 லட்சம் நைரா என்பது சுமார் 10,800 டாலர். 2023 ஜூனில் நாணயத்தை மிதக்கவிட்ட பிறகு விழுந்து விழுந்து, 2024 கடைசியில் அதே 50 லட்சம் 3,300 டாலரை ஒட்டி வந்துவிட்டது. "ஓகா, இந்த வருடம் அறிக்கை வேண்டாம்தானே?" என்று அந்த அம்மா கேட்டார். ஓகா என்றால் முதலாளி, கிண்டலாகச் சொல்வார். இருபது வருடச் சேமிப்பு கரைந்ததில் கிடைத்த ஒரே லாபம், ஒரு படிவம் குறைந்தது.

பட்டம் இருந்தும் அதற்கேற்ற வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அந்தக் கணவரைப் போல. ஊரில் மருத்துவராக இருந்தவர் இங்கே உதவியாளராக இரவில் படுக்கை விரிப்பு மாற்றுவதையும் பார்த்திருக்கிறேன். படிப்பை வைத்து எதிர்பார்க்கும் வருமானத்துக்கும் கைக்கு வருவதற்கும் இடையே உள்ள பள்ளம் நைஜீரியர் பக்கம்தான் ஆழம். சராசரி வருமானம் நன்றாக இருப்பதால் அந்தப் பள்ளம் யார் கண்ணிலும் படுவதில்லை.

2022-இல் வெளிவந்த குழந்தைகள் உணவுத் திட்ட மோசடி வழக்கையும் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான் என்று தெரியும். 25 கோடி டாலர் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் சோமாலிய வம்சாவளியினர், திட்டத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவர் வெள்ளையர். தப்பு செய்தவர்கள் தண்டனை அனுபவிக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு, நியாயமாகத் தனக்குச் சேர வேண்டிய குழந்தை வரிச் சலுகையைக்கூடக் கேட்கப் பயந்து, "எழுத வேண்டாம், விசாரணைக்கு வருவார்கள்" என்று சொன்ன தாய்மார்கள் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மினசோட்டா மாநிலம் தன் பங்குக்கு 2024-இல் தகுதியுள்ள குடும்பத்துக்குப் பிள்ளைக்கு 1,750 டாலர் வரை தந்தது. அது சட்டப்படியான உரிமை. பயந்து விடாதீர்கள்.

பொங்கல் விழா நண்பருக்கு நான் சொன்ன பதில் இதைவிடச் சுருக்கமானது. எச்-1பி விசாவில் வந்த நம்மையும், 1983-க்குப் பிறகு டொரன்டோவுக்கு அகதியாகப் போய்ப் பாத்திரம் கழுவித் தொடங்கிய ஈழத்தமிழரையும் முதல் பத்து வருட வருமானத்தை வைத்து யாராவது ஒப்பிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் மச்சான் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறாராம். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

போன மாதம் ஓட்டுநர் தன் மகளோடு வந்தார். அவள் இங்கே பிறந்தவள், உண்மையான பிறந்த தேதி உள்ளவள். செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். கல்விச் சலுகைக்கான 1098-டி படிவத்தை அவளே அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். கட்டணம் எப்படிக் கட்டுகிறீர்கள், கடனா என்றேன். இல்லையாம், அயூதோ. பன்னிரண்டு பேர் மாதம் ஆளுக்கு 500 டாலர் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு. ஏலம் இல்லை, தள்ளுபடி இல்லை, அதனால் வட்டியும் இல்லை. நைஜீரியத் தம்பதியும் இதையே எசுசு என்ற பெயரில் வேறு கூட்டத்தோடு போடுகிறார்கள். எங்கள் அம்மாவும் தெருவில் சீட்டு பிடித்தவர்தான் என்றேன். ஓட்டுநர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆகஸ்டில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், சீட்டு செப்டம்பரில்தான் இவர் முறை. ஆகஸ்ட் முறைக்காரரோடு மாற்றிக்கொள்ள வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.