டைசன் கோளம்: சொல்லும் பொருளும்

ஒரு விண்மீன் உமிழும் ஆற்றலின் பெரும்பகுதியைத் திரட்டிக்கொள்வதற்காக, அறிவார்ந்த ஓர் உயிரினம் அந்த விண்மீனைச் சூழ அமைக்கக்கூடிய மாபெரும் கட்டமைப்பே 'டைசன் கோளம்' எனப்படுகிறது. கதிரவன் வீசும் ஒளியில் ஏறத்தாழ 220 கோடியில் ஒரு பங்குதான் புவியை வந்தடைகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கருத்துக்கு வித்திட்ட கவலை விளங்கும். அப்படியொரு கட்டமைப்பு இருப்பதாக இதுவரை எங்கும் உறுதிசெய்யப்படவில்லை.

பெயரின் முற்பகுதி இயற்பியலாளர் ஃபிரீமன் டைசனைக் குறிக்கிறது. 1960-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான சிறு கட்டுரையில், இத்தகைய அமைப்பு தான் உள்வாங்கிய ஒளியை ஏறத்தாழ 10 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேற்றியே தீரும் என்றும், வேற்றுலக நாகரிகங்களைத் தேடுவோர் அந்த வெப்பத்தைத் தேட வேண்டும் என்றும் அவர் எழுதினார். அங்கே அவர் ஆண்ட சொல் 'பயோஸ்ஃபியர்', அதாவது உயிர்கள் வாழும் பரப்பு. ஆனால் வியாழனின் நிறை முழுவதையும் கதிரவனைச் சுற்றி ஓடாகப் பரப்பினால் அதன் தடிப்பு 2 முதல் 3 மீட்டர் வரை இருக்கும் என்ற கணக்கும் அதே கட்டுரையில் இருந்ததால், படித்தவர்கள் மனத்தில் இடைவெளியற்ற ஒரு பந்தே பதிந்துவிட்டது. திண்மமான ஓடு இயக்கவியல்படி இயலாதது என்றும், தனித்தனிப் பாதைகளில் சுற்றும் எண்ணற்ற பொருள்களின் திரளையே தாம் கருதியதாகவும் அவரே விளக்க வேண்டியதாயிற்று.

அவர் சொன்னதற்கு அடிப்படை எளியது. சீரான கோள ஓட்டின் உட்புறத்தில் அவ்வோட்டின் ஈர்ப்பு எல்லாத் திசைகளிலும் ஈடுசெய்யப்பட்டுச் சுழியாகிவிடும் என்று நியூட்டன் நிறுவினார். எனவே ஓட்டையும் விண்மீனையும் ஒரே மையத்தில் நிறுத்திவைக்க எந்தப் பிடிப்பும் இராது. சிறு உந்தல் போதும், ஓடு மெல்ல நகர்ந்து விண்மீனின்மீது மோதும்.

'ஸ்ஃபியர்' என்பதன் வேர் பந்தைக் குறிக்கும் 'ஸ்ஃபைரா' என்ற கிரேக்கச் சொல். அறிவியலில் அது பலவிடங்களில் பந்தைக் குறிக்காமல் பரப்பையே குறிக்கிறது. நம் கலைச்சொற்களில் திண்மமானது 'பாறைக்கோளம்' என வழங்க, திண்மமற்றவற்றுள் சில 'வளிமண்டலம்', 'காந்தமண்டலம்' என வழங்குகின்றன. அந்த வழியில் 'டைசன் மண்டலம்' என்பது 'கோளம்' என்பதைவிடப் பொருந்தும். ஆயினும் 'சூரிய மண்டலம்' என்ற வழக்கு நிலைத்துவிட்டதால் குழப்பம் நேரும். 'டைசன் சூழ்திரள்' என்பதே என் தேர்வு. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என முக்காலத்துக்கும் விரியும் இந்த வினைத்தொகை, ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்துக்கு இயல்பாகவே அமைகிறது.

இரும விண்மீன்களிடம் வரும்போது 'கோளம்' என்ற சொல் முற்றிலும் கைவிட்டுவிடுகிறது. ஈர்ப்பால் பிணைந்து பொது நிறைமையத்தைச் சுற்றிவரும் இரு விண்மீன்கள் சம நிறையுடனும் வட்டப் பாதையுடனும் இருந்தால், அவற்றில் ஒன்றை மட்டும் சுற்றும் பொருள் அவ்விரண்டின் இடைத்தொலைவில் ஏறத்தாழக் கால் பங்குக்குள்ளும், இரண்டையும் சேர்த்துச் சுற்றும் பொருள் அத்தொலைவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்குக்கு அப்பாலும் இருந்தால்தான் நிலைத்திருக்கும். நடுவில் அகப்பட்டவை காலப்போக்கில் வீசியெறியப்படும் அல்லது விண்மீனில் விழும். முதல்வகையைத் 'தனிச் சூழ்திரள்' என்றும் அடுத்ததை 'இணைச் சூழ்திரள்' என்றும் பிரித்துச் சொல்வது நல்லது.

இவ்விணைகள் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒரு விண்மீன் முதிர்ந்து பருத்து, தன் ஈர்ப்பு எல்லையான ரோச் மடலை நிரப்பிவிட்டால், அதன் வளிமம் துணை விண்மீனுக்குள் பாயத் தொடங்குகிறது. அப்போது இடைத்தொலைவும் மாறுகிறது. நெருங்கிய இணைகளில் இரண்டும் ஒரே வளிம உறைக்குள் அமிழ்ந்து, சுருளாக உள்நோக்கிச் சென்று கலந்துவிடுவதும் உண்டு. விருச்சிகத்தில் உள்ள வி1309 இதற்குச் சான்று. ஏறத்தாழ 1.4 நாளாக இருந்த அதன் சுற்றுக்காலம் பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்து, 2008-இல் இரு விண்மீன்களும் ஒன்றாயின. அப்போது அதன் ஒளி ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. அத்தகைய இணையைச் சூழ ஓர் ஓடு இருந்திருந்தால், அதற்கு விலகிச் செல்ல வழியே இருந்திராது. சூழ்திரளாக இருந்திருந்தால், சுற்றுக்காலம் குறைவதைக் கண்ட ஆண்டுகளிலேயே அதன் ஒவ்வோர் உறுப்பும் தன் பாதையை வெளிநோக்கி மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கலாம்.