பச்சை முக்கோணம் என்ன சொல்கிறது?

ஈரோட்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவித்தான் கொடுப்பார்கள். அதே ஊரில் ஒரு வியாபாரி ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்’ என்று சேதி வந்தால் கடன் கொடுத்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். தோட்டத்துச் சாளையில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாவிலோ மஞ்சள் என்றால் கடும் விஷம். இருந்தும் யாரும் குழம்புவதில்லை. நிறம் எதன்மேல் இருக்கிறது, அந்த இடத்தில் வேறு எந்த நிறம் வந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே நாம் வாசிக்கிறோம்.

அந்த டப்பாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அதில் ஒரு சாய்சதுரம் இருக்கும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கில் ஒரு நிறத்தில் இருக்க வேண்டும். சோதனை எலிகளில் பாதி சாவதற்கு எவ்வளவு மருந்து வாய்வழியாகப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதற்கும் மேல் பச்சை. ஆக, பச்சை என்றால் ‘மற்ற மூன்றைவிட விஷம் குறைவு’, அவ்வளவுதான். தேனீக்கு ஆகுமா, மீனுக்கு ஆகுமா, வருஷக்கணக்கில் தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இல்லை.

ஆனால் பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி சைவம் என்கிறது, சிக்னலில் பச்சை விழுந்தால் போகலாம். நான்கு நிற வரிசையை யாரும் சொல்லித்தராத விவசாயி, கையில் இருக்கும் ஒற்றை டப்பாவைத் தனக்குத் தெரிந்த பச்சையை வைத்துத்தானே வாசிப்பார்? இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. (சிவப்பு டப்பாவின் தலைகீழ் முக்கோணத்தைத் தனியே வெட்டி எடுத்துக் காட்டினால், குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம் என்று படித்தவர்களே சொல்லிவிடுவார்கள்.)

திருப்பூரில் முக்கோணத்துக்கு வேறு வேலை. பனியனில் வைத்துத் தைக்கும் வாஷ்கேர் லேபிளில் வெறும் முக்கோணம் இருந்தால் பிளீச் போடலாம். உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாத பிளீச் மட்டும். பெருக்கல் குறி போட்டு அடித்திருந்தால் பிளீச்சே கூடாது. தண்ணீர்த் தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் துவைக்க வேண்டும் என்று யாரும் ஊகித்துவிடலாம். முக்கோணத்தை அப்படி ஊகிக்க வழியே இல்லை. பொருளின் சாயலில் இருக்கும் குறி வேறு, வழக்கத்தால் மட்டும் நிற்கும் குறி வேறு என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பியர்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துக் காட்டினார். வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் 2016 டிசம்பரில்தான் சர்வதேசக் குறிகளுக்கு மாறியது. அதுவரை அங்கே பிளீச்சுக்கு ஆய்வகக் குடுவைதான் படம்.

சரி, உயிர் போகிற விஷயத்தில் வழக்கத்தை மட்டும் நம்பினால் போதுமா? கதிரியக்கத்தைக் குறிக்கும் பழைய மூவிதழ்ச் சின்னம், தெரியாதவர் கண்ணுக்கு மின்விசிறி மாதிரி இருக்கும். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கருவி ஒன்றைப் பிரித்தபோது, உள்ளிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஓர் உயிரை வாங்கியது. அதற்கு முன்பே, 2007-இல், சர்வதேச அணுசக்தி முகமை புதிய குறியொன்றை அறிவித்திருந்தது: சிவப்பு முக்கோணத்தில் கதிர் வீசும் மூவிதழ், மண்டை ஓடு, ஓடும் மனிதன். இந்தியா உட்பட 11 நாடுகளில் மக்களிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டுத் தேர்ந்தெடுத்த படம் அது. அதைக் கருவியின் வெளிப்பக்கம் ஒட்டுவதில்லை. யாராவது மூடியைக் கழற்றினால் மட்டும் கண்ணில் படும்படி உள்ளே வைக்கிறார்கள்.