அந்திமந்தாரைக்கு மணி சொல்வது யார்?

தங்கச்சிமடம் என்றாலே மல்லிகை நாற்றுதான். பாம்பன் தீவின் இந்த மணலில் வேர்விட்ட பதியன்கள் வெளிமாநிலங்களுக்கும் போகின்றன. ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் கிணற்றடியை ஆள்வது, யாரும் காசு கொடுத்து வாங்காத அந்திமந்தாரை. கோடையில் தண்டு காய்ந்து செத்ததுபோல் கிடந்த செடி அது. மணலுக்குள் கிழங்காகப் பருத்த வேர் மட்டும் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

அது விரியும் நேரம்தான் அப்பத்தாவுக்குத் தேநீர் நேரம். சுவர்க் கடிகாரத்தை அவர் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் ஒரு மொட்டின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். சுருட்டி வைத்த குடைபோல் முறுக்கிக்கொண்டிருக்கும். உட்புறச் செல்கள் தண்ணீரை உறிஞ்சி, வெளிப்புறச் செல்களைவிட வேகமாக விரிகின்றன. உள்பக்கம் நீண்டால் விளிம்பு வெளியேதானே வளைய வேண்டும்! முறுக்கு தளர்ந்து, இருட்டுவதற்குள் பூ தட்டையாக மலர்ந்துவிடுகிறது. நாம் இதழ் என்று சொல்வதும் உண்மையில் இதழ் அல்ல. இந்தப் பூவுக்கு அல்லிவட்டமே கிடையாது. மற்ற பல பூக்களில் அடியில் பச்சையாக இருக்கும் புல்லிவட்டம்தான் இங்கே நிறமேறி அப்படித் தெரிகிறது. அந்த நிறமும் பீட்ரூட்டைச் சிவக்க வைக்கும் பீட்டாலெயின் வகையைச் சேர்ந்தது.

சரி, நேரம் எப்படித் தெரிகிறது? வெயில் தாழ்வதைப் பார்த்து விரிகிறது என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் 1729-இலேயே பிரெஞ்சு வானியலாளர் த மெரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடியொன்றை இருட்டில் வைத்தார். சூரியனையே காணாத அந்தச் செடி, பகலில் இலையை விரித்து இரவில் மூடிக்கொண்டே இருந்தது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்குகின்றன. புரதம் பெருகியதும் அது அதே மரபணுக்களை அடக்குகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மறுபடி விழித்துக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். அதில் விழும் சிறு பிசகை அன்றாட வெளிச்சமும் இருட்டும் திருத்திவிடுகின்றன. ஆடியில் ஆறரையைத் தாண்டி மறைந்த சூரியன் ஐப்பசியில் ஆறுக்கு முன்பே மறைந்தாலும் பூ தடுமாறாததற்கு இதுதான் காரணம்.

மாலையைத் தேர்ந்தெடுத்ததிலும் பொருள் இருக்கிறது. தேன் இருப்பது நீண்ட, ஒடுங்கிய குழாயின் அடியில். தேனீயின் நாக்கு அதுவரை எட்டாது. அந்தியில் பறக்கும் ‘பருந்து அந்துப்பூச்சி’ என்ற பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல் எட்டும். அந்தரத்தில் நின்றபடியே அது குடித்துவிட்டுப் போகும். ஆகவே ஓசிமீன் என்ற மணப்பொருளைச் செடி பகலில் வீணாக்குவதில்லை. மாலை 5 முதல் இரவு 8 மணி வரைதான் மிகுதியாக வெளியிடுகிறது. எங்கள் முற்றத்தில் கடற்காற்றின் உப்பு வாடையையும் மீறி அந்த மணம் வரும்.

அந்துப்பூச்சி வராத பூ என்ன ஆகும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காலை வெயில் ஏற ஏறப் பூ வாடிச் சுருளும்போது, மகரந்தத்தாள்களும் சூல்தண்டும் ஒன்றோடொன்று பின்னிச் சுருள்கின்றன. மகரந்தம் தன் சூல்முடியிலேயே படிகிறது. பூவுக்கு ஒரே விதை. மிளகுபோல் கறுப்பாக, சுருக்கம் விழுந்து.

மழை மூட்டமான ஐப்பசிக் காலைகளில் மட்டும் பூ சுருள்வது தள்ளிப்போகிறது. நேற்று பத்து மணிக்கும் நான்கு பூக்கள் விரிந்தே இருந்தன. அப்பத்தா அவற்றின் ஓரமாகக் குடத்தை இறக்கி வைத்தார்.