பழைய வேகப் படகின் கேம் ஷாஃப்ட்டைக் காப்பாற்றும் ஆயில் எது?

ஒன்டாரியோ ஏரிகளில் ஓடும் பழைய வேகப் படகுகளில், அதிலும் செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக், பிக் பிளாக் வி8 என்ஜின்களை வைத்திருப்பவர்களிடமிருந்து, சீசன் தொடங்கும் மே மாதத்தில் எங்கள் பட்டறைக்குத் தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு எட்டிய உச்ச ஆர்.பி.எம். இந்த ஆண்டு எட்டவில்லை, த்ராட்டிலைத் திறந்தால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்பார்கள். பெட்ரோலையும் இக்னிஷனையும் சந்தேகித்துச் செலவழித்த பிறகே பெரும்பாலோர் வருகிறார்கள். வால்வு கவரைக் கழற்றி, வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடின் மேல் டயல் கேஜ் என்ற அளவுமானியை நிறுத்தி, என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தால், கேம் ஷாஃப்ட்டில் உள்ள பதினாறு மேடுகளில், அதாவது லோப்களில், ஒன்றோ இரண்டோ மற்றவற்றின் அளவுக்கு உயராமல் நிற்கும்.

இவை ஃபிளாட் டேப்பட் என்ஜின்கள். லோபின் மேல் அமர்ந்து அதன் ஏற்றத்தை புஷ் ராடுக்குக் கடத்தும் சிறு உருளைதான் டேப்பட். செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜி.எம்.மின் கார்களில் ஸ்மால் பிளாக்குக்கு 1987-லேயே அடியில் உருளும் சக்கரம் வைத்த ரோலர் டேப்பட் வந்துவிட்டபோதிலும், படகு என்ஜின்களில் பழைய வகை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. ஃபிளாட் என்று பெயர் இருந்தாலும் டேப்பட்டின் அடிப்பகுதி உண்மையில் தட்டையானதன்று. கண்ணுக்குத் தெரியாத அளவில் குவிந்திருக்கும். லோபும் சற்றே சரிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருப்பதால், டேப்பட் மேலும் கீழும் போகும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. புதிய டேப்பட்கள் இரண்டை அடியோடு அடி ஒட்டிப் பிடித்தால் அவை லேசாக ஆடும். தேய்ந்தவை ஆடாது, நடுவில் குழி விழுந்திருந்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். குவிவு போனதும் சுழற்சி நிற்கிறது, சுழற்சி நின்ற டேப்பட் உளியைப் போல லோபைச் சீவத் தொடங்குகிறது.

அந்த மெல்லிய தொடுகோட்டுக்கு அழுத்தத்துடன் ஆயில் செலுத்தும் குழாய் எதுவும் இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது சிதறுவதும் மேலிருந்து வழிவதும்தான் அதற்குக் கிடைக்கும் ஆயில். வேகமாக ஓட்டுவதால் கேம் தேய்கிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், லோபின் உச்சிக்கு மெதுவான ஓட்டமே கடினமானது. ஏனெனில் குறைந்த ஆர்.பி.எம்.மில் வால்வு ஸ்பிரிங்கின் முழு விசையும் அங்கே இறங்குகிறது, சிதறும் ஆயிலும் குறைவு. ஒன்டாரியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி; அதை மதித்து ஊர்ந்து போகும் நேரம் முழுவதும், வால்வை அதிகம் உயர்த்தும் உயர் லிஃப்ட் கேமும் கடின ஸ்பிரிங்கும் போட்ட என்ஜினுக்குச் சோதனைதான். ஏரி நீரை நேரடியாக எடுத்துக் குளிரும் என்ஜின்களில் தெர்மோஸ்டாட் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் அளவிலேயே திறந்துவிடுவதால், ஆயிலில் கலந்த பெட்ரோலும் நீரும் ஆவியாகிப் போவதும் குறைவு.

உலோகம் உலோகத்தைத் தொடும் இத்தகைய இடத்தில் காப்பது ஆயிலில் உள்ள ஜிங்க் டைதயோபாஸ்பேட், பட்டறைப் பேச்சில் வெறும் ‘ஜிங்க்’. சூட்டிலும் அழுத்தத்திலும் அது சிதைந்து, தேய்வதைத் தான் ஏற்றுக்கொள்ளும் ஒரு பாஸ்பேட் படலத்தை உலோகத்தின் மேல் உண்டாக்குகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ் கார்களின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் (ஏ.பி.ஐ.) 2004-ல் கொண்டுவந்த எஸ்.எம். தரம் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. பின்னர் வந்த தரங்களும் அவ்வாறே. பலர் கவனிக்காதது என்னவென்றால், 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கிரேடுகளுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஆகவே ‘புதிய ஏ.பி.ஐ. எழுத்து என்றாலே கேமுக்கு ஆபத்து’ என்பதும் சரியன்று, ‘புதியது எப்போதும் மேல்’ என்பதும் சரியன்று. காருக்கு வாங்கியதில் மிஞ்சிய 5டபிள்யூ-30 கேனைப் படகில் ஊற்றுவதுதான் நான் அடிக்கடி காணும் ஆபத்து.

எனவே கேனின் முகப்பை விட்டுவிட்டு, தயாரிப்பாளர் வெளியிடும் தொழில்நுட்பத் தரவுத் தாளில் பாஸ்பரஸ் அளவைப் பாருங்கள். ஃபிளாட் டேப்பட்டுக்கு 0.12 சதவீதத்தை, அதாவது 1200 பி.பி.எம்.மை ஒட்டி இருப்பதை நான் தேர்ந்தெடுக்கிறேன். கனரக டீசல் ஆயிலை நாடுபவர்கள் உண்டு; டீசல் ஆயிலுக்கான ஏ.பி.ஐ.யின் சி.ஜே-4 தரம் முதல் அங்கேயும் 0.12 சதவீதம் உச்சவரம்பாகிவிட்டது, அதில் மிகுதியாக உள்ள டிடர்ஜென்ட்களும் உலோகப் பரப்பைப் பிடிக்க ஜிங்குடன் போட்டியிடும். படகு என்ஜின் ஆயில் கேன்களில் காணும் எஃப்.சி-டபிள்யூ முத்திரை துரு எதிர்ப்பையும் பாகுத்தன்மை நிலைப்பையும் சோதித்ததற்கு அடையாளம். ஆறு மாதம் கொட்டகையில் உறங்கும் என்ஜினுக்கு அது முக்கியம், ஆனால் பாஸ்பரஸ் அளவைத் தனியே பார்த்தாக வேண்டும். கிரேடைப் பொறுத்தவரை என்ஜின் கையேடே முதல் சொல். படகு என்ஜின் தயாரிப்பாளரான மெர்க்குரூசர் தன் பெட்ரோல் என்ஜின்களுக்கு 25டபிள்யூ-40 பரிந்துரைக்கிறது; உறைபனியில் யாரும் படகைக் கிளப்புவதில்லை என்பதால் அந்தத் தடிப்பு இங்கே குறையன்று. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள புதிய படகுகளுக்கும் ரோலர் டேப்பட் என்ஜின்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆயில் நல்லதாக இருந்தும், ஜிங்க் சேர்ப்பான் பாட்டிலைக் கூடுதலாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் அதே வேதிப்பொருள் லோபின் பரப்பை அரிக்கும். புதிய கேம் போட்டிருந்தால் கவலைப்பட வேண்டியது முதல் அரைமணி நேரத்தைப் பற்றித்தான்: லோபுகளில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, என்ஜின் பிடித்தவுடன் ஐடிலுக்கு விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.மில் ஏற்றி இறக்கி ஓட்டி, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். கரையில் வைத்து இதைச் செய்யும்போது என்ஜினுக்கும் நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லருக்கும் தடையின்றி நீர் கிடைப்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றும் முன்பே ஆயிலை மாற்றுங்கள். அமிலமும் ஈரமும் கலந்த பழைய ஆயிலில் கேமைக் குளிர்காலம் முழுவதும் விடக் கூடாது. கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து, மடிப்புகளைப் பிழிந்து, காந்தத்தை அருகில் கொண்டுசெல்லுங்கள். மின்னும் துகள்கள் ஒட்டினால் அடுத்த சீசனுக்கு அந்த என்ஜினைக் கிளப்பாமல் லோப்களை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த இரும்புத் தூள் ஆயிலோடு சுற்றி, அடுத்ததாகப் போய்ப் பதியும் இடம் கிராங்க் பேரிங்குகள்.