கிராக் போட்ட கணினியில் பாட்டு செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி லேப்டாப்போடு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார், இருபது வயது இருக்கும். வந்தவர் எதுவும் பேசாமல் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் திறக்கவில்லை. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், 72 மணி நேரத்துக்குள் பணம் அனுப்பினால் பாதி விலை. எட்டு மாதமாகச் செய்த பதினொரு பாட்டு அதில் இருந்தது. அதோடு அவருடைய அப்பத்தா பாடிய நடவுப்பாட்டு, ஒரு மதியம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தது. அப்பத்தாவுக்கு இப்போது பாடக் குரல் வருவதில்லை.

விசாரித்தால், நண்பர் பென்டிரைவில் கொடுத்த கிராக் சாஃப்ட்வேர், அதாவது காசு கட்டாமல் ஓட உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லி அதிலேயே குறிப்பும் இருந்திருக்கிறது, நிறுத்தியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, காவல்காரரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள் என்றால் நாம் திறப்போமா? கணினி என்றால் மட்டும் திறந்துவிடுகிறோம்.

இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. பாட்டு செய்கிறவர்களின் கணினியைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் லவுட்மைனர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. இசை சாஃப்ட்வேர், அதோடு சேர்த்து ஓடும் பிளக்இன் என்று 137 கிராக்குகளை ஒரே தளத்தில் வைத்து, அவற்றோடு சேர்த்து, நம் கணினியின் சக்தியில் அவர்களுக்கு கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை ஒளித்து வைத்திருந்தார்கள். நம்முடைய கணினிகளுக்கு வேகம் அதிகம், எல்லா ஒலியையும் கலந்து மிக்ஸ் செய்யும்போது ஃபேன் அலறுவதும் நமக்குப் பழக்கம், அதனால் உள்ளே வேறு எவனோ வேலை பார்க்கிறான் என்ற சந்தேகமே வராது. அவர்கள் கணக்கு அதுதான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் இது தெரியவில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்காகவோ லாபத்துக்காகவோ இல்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் பாட்டை விற்க ஆரம்பித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

"காசு இல்லண்ணா, அதான்" என்றார் தம்பி. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் காசே இல்லாமலும் ஒழுங்கான வழியில் ஆரம்பிக்கலாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லையே என்றுதான் வருத்தம். ரீப்பர் என்ற, பாட்டைப் பதிந்து மிக்ஸ் செய்யும் சாஃப்ட்வேரை 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனி ஆளுக்கு உரிமம் 60 டாலர். எடுத்தவுடன் வாங்க வேண்டாம், அந்த இரண்டு மாதத்தில் ஒரு பாட்டையாவது முடியுங்கள், பிடித்தால் வாங்குங்கள். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். புரோடூல்ஸ் இன்ட்ரோவும் இலவசம், 8 ஆடியோ டிராக், அதாவது ஒலியைத் தனித்தனியாகப் பதிய 8 வரிசை தருகிறார்கள், குரலும் கிடாரும் மட்டும் என்றால் அது தாராளம். எஃப்எல் ஸ்டூடியோவின் டிரையலில் பாட்டு செய்து ஒலி ஃபைலாக எக்ஸ்போர்ட் கூட எடுக்கலாம், ஆனால் சேமித்த பிராஜெக்ட் வாங்கிய பிறகுதான் முழுதாகத் திறக்கும், இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வாத்தியத்துக்கு சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் என்று நல்ல சின்தசைசர்கள் சும்மாவே கிடைக்கின்றன. எதுவானாலும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், அதே பெயரில் போலித் தளங்களும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் சரி, ஒன்றை எடுத்தால் அதிலேயே இருங்கள். மூன்று சாஃப்ட்வேர் மாற்றியும் ஒரு பாட்டு முடிக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பித்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, பாடினா என் குரல் எனக்கே லேட்டா கேக்குது." இதற்காகப் புது லேப்டாப் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம். கணினி ஒலியை ஒரு நொடிக்கு 48,000 துளியாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உடனுக்குடன் அனுப்பாது, பஃபர் என்ற தொட்டியில் நிரப்பி நிரப்பி அனுப்பும். பஃபர் 1024 என்றால் ஒரு தொட்டி நிரம்பவே 21 மில்லி விநாடி, போகும்போதும் வரும்போதும் அந்தத் தாமதம் சேரும், தாளம் தவறுவது அதனால்தான். 128 என்று குறைத்தால் மூன்று மில்லி விநாடிக்கும் கீழே வந்துவிடும். பாடும்போது 128, மிக்ஸ் செய்யும்போது மறுபடி 1024, அவ்வளவுதான். விண்டோஸில் இது ஒழுங்காக நடக்க ஏஸியோ டிரைவர் என்ற, ஒலியைத் தாமதமில்லாமல் கொண்டு சேர்க்கும் நிரல் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் டிரைவரைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஏஸியோ4ஆல் இலவசமாகக் கிடைக்கிறது. பாடும்போது புளூடூத் ஹெட்போன் மட்டும் கூடவே கூடாது, பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அதற்கென்று ஒரு தாமதம் இருக்கும்.

அப்புறம், தம்பியின் விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறாத ஒன்று. பேக்கப் வைத்திருந்தேன் என்றார். பிராஜெக்ட் ஃபைலை மட்டும் தனக்குத்தானே மெயிலில் அனுப்பி வைத்திருக்கிறார், அது திறந்தது, ஆனால் எல்லா டிராக்கும் காலி. பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் பிராஜெக்ட் ஃபைலுக்குள் ஒலி கிடையாது. எந்த ஃபைல், எத்தனையாவது நொடியில், எவ்வளவு சத்தத்தில் என்ற குறிப்பு மட்டும்தான். ஒலி வேறு ஃபோல்டரில் இருக்கும், சில சமயம் டவுன்லோட்ஸில், சில சமயம் கழற்றிவிட்ட பென்டிரைவில். ரீப்பரில் சேவ் ஆஸ் பெட்டியிலேயே எல்லா ஒலியையும் பிராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்க ஒரு டிக் இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு அந்த முழு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். நான்கு நிமிடக் குரல் டிராக் ஒன்று 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் 35 எம்பிதான், இருபது டிராக் இருந்தாலும் 700 எம்பி. இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பணம் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டேன், அனுப்பினாலும் சாவி வரும் என்று எந்த உறுதியும் இல்லை. பூட்டிய ஃபைல்களை ஒரு டிஸ்க்கில் அப்படியே எடுத்து வைத்தோம், சில வகைப் பூட்டுகளுக்குப் பின்னாளில் இலவசச் சாவி வந்திருக்கிறது. விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டோம். ரீப்பர் மட்டும் இறக்கினோம். பதினொரு பாட்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நடவுப்பாட்டின் ஒரு துண்டைப் பதிவு செய்த அன்றைக்கே அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது நினைவுக்கு வந்து, இங்கிருந்தே போன் போட்டார். அத்தை தேடித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நிமிடம் நாற்பது நொடி, அமுங்கிய ஒலி, பின்னால் கோழி சத்தம். புது பிராஜெக்டில் அதைத்தான் முதல் டிராக்காகப் போட்டிருக்கிறார்.