கிர்மிட்: 'ஒப்பந்தம்' என்று எழுதினால் போதுமா?

ஃபிஜி, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் 'கிர்மிட்' என்ற சொல்லைத் தாண்டாமல் போக முடியாது. வேற்றுமொழிச் சொல் போலத் தெரிந்தாலும் நாம் தினமும் சொல்கிற 'அக்ரிமெண்ட்'தான் இது. வட இந்தியாவில் போஜ்புரி பேசிய கிராமத்து மக்களின் வாயில் தலையெழுத்தான அகரம் உதிர்ந்து, உள்ளே இருந்த னகரமும் தேய்ந்து கிர்மிட் ஆயிற்று. கடல் கடந்த தோட்டங்களில் வேலை செய்ய அதில் கட்டுண்டவர் கிர்மிட்டியா.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834-ல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே, அதே வருடம் மொரீஷியஸுக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் ஆள் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கான முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை அங்கே போனவர்கள் 1,52,000-க்கும் மேல், அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்று எழுதுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. இன்றைக்கு அந்தச் சொல் கான்ட்ராக்டர் மூலம் ஆலையில் வேலை பார்ப்பவரைக் குறிக்கிறது. பிடிக்காவிட்டால் அவர் நின்றுவிடலாம். கிர்மிட்டில் ஐந்து வருடத்துக்குள் வேலையை விட்டுப் போவது கிரிமினல் குற்றம், ஜெயில்தான். 'கொத்தடிமை'யும் சரியாகப் பொருந்தாது. அது குடும்பத்தோடு கெடு இல்லாமல் அடிமைப்பட்டுக் கிடப்பதைச் சொல்கிற சொல், கிர்மிட்டுக்கோ கெடு உண்டு.

பழைய தமிழில் 'ஆளோலை' என்று ஒரு சொல் இருக்கிறது. சுந்தரர் கல்யாணத்தில் கிழவராக வந்த சிவன், உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது என்று நீட்டினாரே, அந்த அடிமை ஓலை. அது தலைமுறை தலைமுறையாகக் கட்டும், கிர்மிட் ஐந்து வருடம் கட்டும். ஆனாலும் ஓர் ஆளை இன்னொருவர் கைக்கு எழுதிக் கொடுக்கிற வேலையை இரண்டுமே செய்தன. அதனால் அந்தக் காகிதத்துக்கு ஆளோலை என்றும், அந்த ஏற்பாட்டுக்கு 'ஒப்பந்த அடிமைமுறை' என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. வெறும் ஒப்பந்தம் என்று மட்டும் வேண்டாம்.

'அடிமை' என்பது அதிகமாகத் தோன்றினால் பாலசுந்தரத்தை நினைத்துப் பாருங்கள். நேட்டாலில் கிர்மிட்டில் இருந்த தமிழர். எஜமான் அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, கிழிந்த துணியோடு டர்பனில் காந்தியிடம் வந்து நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார், வெள்ளைக்காரர் முன்னால் நிற்கும்போது அப்படித்தான் செய்தாக வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார், அப்புறம் வழக்கை எடுத்தார். அவ்வளவு அடிக்குப் பிறகும் அவருக்குக் கிடைத்தது விடுதலை இல்லை. அவருடைய கிர்மிட்டை வேறொரு எஜமான் பெயருக்கு மாற்றினார்கள்.