"நான் கேமர்லாம் இல்ல மிஸ், சும்மா விளையாடுவேன்"

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் பிள்ளைங்களுக்குத்தான் நான் கவுன்சிலிங் பண்றேன், எஸ்.பி.எம். (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டு ஃபேக்டரிக்குப் போறவங்க, போலிடெக்னிக்ல படிக்கிறவங்கன்னு பெரும்பாலும் 18லேர்ந்து 25 வயசு. கேம் விளையாடுவியான்னு கேட்டா ஆமான்னு சொல்லுவாங்க, அப்போ நீ கேமர்தானேன்னா உடனே பதறிடுவாங்க. மொபைல் லெஜண்ட்ஸ்ங்கற போன் கேம்ல மித்திக்குங்கற பெரிய ரேங்க் வந்த பையன்கூட அப்படித்தான், ஏன்னா அவன் மனசுல கேமர்னா வேலவெட்டி இல்லாம, கதவ சாத்திக்கிட்டு, அம்மா காசக் கேமுக்குள்ள கட்டி டாப் அப் பண்றவன்.

பொம்பளப் பிள்ளைங்க நிலம இன்னும் மோசம். ஒரு பொண்ணு ஆம்பள பேர்ல அக்கவுண்ட் வச்சிருக்கா, மைக்க ஆன் பண்றதே இல்ல, குரல் கேட்டா உடனே அசிங்கமா பேசுறாங்களாம். வீட்லயும் தெரியாது, பாட்டி வந்தா போனத் தலகாணிக்கு அடியில வச்சிடுவா. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிக்கிட்டு விளையாடுற பிள்ளைக்கு நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யார்கிட்ட சொல்லும்?

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல பியூ ஆய்வு மையம் 2015ல வெளியிட்ட கணக்குல பெரியவங்கள்ல 49 சதவீதம் பேர் கேம் விளையாடுறாங்க, தன்ன கேமர்னு சொல்லிக்கிட்டது 10 சதவீதம்தான். ஆணும் பொண்ணும் கிட்டத்தட்ட சரிசமமா விளையாடியும், விளையாடுறதுல ஆம்பளைங்கதான் அதிகம்னு 60 சதவீதம் பேர் நம்புனாங்க.

நம்ம நாட்டுக்கு 2019 சீ விளையாட்டுப் போட்டியில (தென்கிழக்காசியப் போட்டி) ஹார்த்ஸ்டோன்ங்கற டிஜிட்டல் சீட்டு கேம்ல தங்கம் வாங்கிக் குடுத்த இயூ வெங் கியன் ஒரு டாக்டர், இதச் சொன்னா பெத்தவங்க நம்பவே மாட்டேங்கறாங்க.

அதுக்காக எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரல. கேமிங் டிஸ்ஆர்டர் நிஜமான நோய்தான், உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப் பட்டியல்ல இருக்கு, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. ஆனா அதுல இத்தன மணி நேரம்னு கணக்கே இல்ல. நிறுத்த நினைச்சும் முடியல, மத்த எல்லாத்தையும் விட கேம் பெருசாயிடுச்சு, வேலயோ படிப்போ குடும்பமோ கெட்டும் விடல, இது பொதுவா 12 மாசமா நீடிக்குதான்னுதான் பாப்பாங்க.

அதனால அண்ணே, அக்கா, "கேம் பைத்தியம்"னு திட்டாதீங்க, அந்த வார்த்த காதுல விழுந்தா பிள்ள வாயவே திறக்காது. பக்கத்துல உக்காந்து கேம்ல எந்த ஹீரோ எடுத்து ஆடற, யார்கூட விளையாடறன்னு கேளுங்க, அப்புறம் தூக்கம் எப்படின்னு கேளுங்க. வேலைக்கு லீவு போட ஆரம்பிச்சிட்டான்னா அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க, தேவப்பட்டா அங்கேர்ந்தே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு லெட்டர் குடுப்பாங்க.